முதல் சங்கு ஊதியாச்சு!

ராயபுரத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, திருவொற்றியூர் வரை போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரிகளின் தயவில் வண்டி நகரவே நகராது. சுவரெல்லாம் படிக்க அவகாசம் கிடைக்கும்! சினிமா, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி... இத்தனைக்கும் நடுவே விடாமல் எட்டிப் பார்க்கும் ஒரு நோட்டீஸ்: 'ஆண்மைக் குறைவா? கவலை வேண்டாம்!' கூடவே, வைத்தியர் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் தங்குவார் என்று சுற்றுப்பயண விவரம். மந்திரிகள்கூட இத்தனை ஊர் சுற்றமாட்டார்கள்!

நமக்குச் சிரிப்பு. அந்த லாட்ஜ் மாடிப்படி ஏறுகிறவருக்கு அது வராது.

எனக்குப் பழக்கமான ஒருவர் ஹார்பருக்கு லாரி ஓட்டுகிறார். வயசு 38. ஒருநாள் டீக்கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆறு மாசமா சரியில்லண்ணா. வூட்டுக்காரி மூஞ்சிய நிமிந்து பாக்கவே கஷ்டமாகீது" என்றார். லேகிய டப்பாவுக்கே ஒரு மாசச் சம்பளம் போயிருந்தது. "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றேன். (ஸ்டான்லிக்கு எங்க ஏரியாவில் அதுதான் பேர்.) "இதுக்குப் போயி அங்கயா?" என்றார்.

அதுக்குத்தான் அங்கே! ஒருவழியாகப் போனார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 240. லேகியம் கொடுத்தவர் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

விறைப்பு என்பது முழுக்க ரத்த ஓட்ட விவகாரம். ஆசை வந்ததும் நரம்பு முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, ரத்தம் நிரம்புகிறது. சர்க்கரை, பி.பி., கொழுப்பு, சிகரெட் எல்லாம் சேர்ந்து குழாயின் உள்சுவரைக் கெடுத்தால் இந்த வேலை நடக்காது. சர்க்கரை நரம்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

இன்னொரு சங்கதி. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அகலம் 3, 4 மில்லிமீட்டர். ஆணுறுப்புக் குழாய்க்கு 1, 2 மில்லிமீட்டர்தான். அடைப்பு ஆரம்பித்தால் முதலில் திணறுவது சின்னக் குழாய். அதனால்தான் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் முன்பே இந்தத் தொல்லை தலைகாட்டுகிறது. மில் பாஷையில் சொன்னால், முதல் சங்கு!

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அவர்களில் எத்தனை பேர் லாட்ஜ் வாசலில் நிற்கிறார்களோ!

'எனக்கு 25 வயசுதான் சார்' என்கிறீர்களா? உங்களுக்கு ஒரு செலவில்லாத டெஸ்ட். காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. பயம்தான் காரணமாக இருக்கும். பரீட்சை எழுதுகிற மாதிரி பதறினால் அட்ரினலின் சுரந்து குழாயைச் சுருக்கிவிடும். முதலிரவில் தோற்றவர்கள் பலர் இந்தக் கேஸ்தான். கைப்பழக்கத்தால் ஆண்மை போகும் என்பதும், ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தம் என்பதும் நோட்டீஸ்காரர்களின் பிழைப்புக்கு உதவும் கதை. இந்தப் பயத்தையே ஒரு மனநலத் தொல்லையாக அடையாளம் கண்டு, 1960-ல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பேர் வைத்தார் டாக்டர் என்.என்.விக்.

எண்ணூர் பக்கம் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-ல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் தினம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க வைத்தார்கள். ஆண் ஹார்மோன் 10 முதல் 15 சதவிகிதம் இறங்கிப் போனது. தூக்கமும் ஒரு மருந்துதான். 'தைரியத்துக்கு' அடிக்கிற குவார்ட்டர் மருந்தல்ல. ஆசையைக் கிளப்பிவிட்டு ஆளைக் கவிழ்க்கும்.

சரி, மாத்திரை? நெஞ்சுவலிக்கென்று சோதித்த சில்டெனாஃபில், நெஞ்சை விட்டுவிட்டு வேறு இடத்தில் வேலை செய்தது! 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து 'வயாகரா' ஆனது. அதே வருஷம், நைட்ரிக் ஆக்சைடு பற்றிய கண்டுபிடிப்புக்கு மூன்று விஞ்ஞானிகள் நோபல் பரிசு வாங்கினார்கள். மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை இருந்தால் ரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி உயிரே போகலாம். இதைச் சாப்பிட்ட பிறகு நெஞ்சு வலித்தால், எமர்ஜென்சி டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். 'மூலிகை' டப்பாக்களிலேயே சில்டெனாஃபிலைக் கலந்து விற்றதை அமெரிக்க மருந்துத் துறை பல தடவை பிடித்திருக்கிறது. மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு ஊசி, வேக்குவம் பம்ப், கடைசியாக ஆபரேஷன் என்று வரிசையாக வழி இருக்கிறது.

இந்த நோட்டீஸ்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. முதல் தடவை மாட்டினாலே ஆறு மாசம் வரை ஜெயில். சுவருக்கு அது தெரியவில்லை!

போகவேண்டிய இடம், பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமோ, ஸ்டான்லி ஓ.பி.யோதான். என்ன சொல்வது என்று கூச்சமா? "டாக்டர், விறைப்பு சரியா வரல. சுகர், பி.பி., கொழுப்பு பாத்துடுங்க." இவ்வளவு போதும். பெண்டாட்டியிடமும் இதையே சொல்லிவிட்டுப் போங்கள். தன் மேல் உங்களுக்கு ஆசை விட்டுப்போச்சு என்று அவர் அங்கே தனியாக அழுதுகொண்டிருக்கலாம்.