சந்தா நின்றாலும் பாட்டு நம் கையில் இருக்க வேண்டும்

சென்னையின் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கானாப் பாட்டு இப்போது லேப்டாப்பிலும் பிறக்கிறது. பகல் வேலை முடித்த பிள்ளைகள் ஒரு மைக்கையும் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு, இரவில் வீட்டிலேயே பாட்டைப் பதிந்து மிக்சிங் செய்கிறார்கள். அதற்கான மென்பொருளைக் கைக்காசு போட்டு வாங்குகிறவர்கள், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வாங்குவது எது?

நாம் பணம் கொடுப்பது மென்பொருளின் காப்புரிமைக்கு அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதிக்கு. அதுதான் லைசென்ஸ். ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்வது ஒரு வகை. மாதமோ ஆண்டோ சந்தா கட்டுவது இன்னொரு வகை. சந்தா நின்றால் பெரும்பாலும் மென்பொருளும் நின்றுவிடும்.

படகுக்குப் புது மாடல் இன்ஜின் சந்தைக்கு வந்துவிட்டது என்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் பழைய இன்ஜினை யாரும் கழற்றிக்கொண்டு போவதில்லை. அப்கிரேடு விலையிலும் நியாயம் அதுதான். புதியது வேண்டும் என்பவர் கூடுதல் பணம் கட்டட்டும். வேண்டாம் என்பவரின் பழைய பதிப்பு தொடர்ந்து ஓட வேண்டும்.

இது நடக்கக்கூடியதுதான். எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளை ஒருமுறை வாங்கினால், வாங்கிய எடிஷனுக்கான புதுப்பிப்புகள் ஆயுளுக்கும் இலவசம். ரீப்பர் மென்பொருள் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் 60 டாலர், பெரிய வணிகத்துக்கு 225 டாலர். 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற இசை மென்பொருள் நிறுவனம், இனி நிரந்தர லைசென்ஸ் கிடையாது, சந்தா மட்டுமே என்று அறிவித்தது. உலகெங்கும் இசைக்கலைஞர்கள் எதிர்த்து எழுதினார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் நிரந்தர லைசென்ஸைத் திரும்பக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் சேர்ந்து கேட்டால் விலை முறையும் மாறும்.

எங்கே ஏமாறுகிறோம்?

- இலவச சோதனைக் காலம் முடிந்ததும் சத்தமில்லாமல் ஆட்டோ டெபிட் ஓடுவது.
- மாதச் சந்தா போலக் காட்டி, ஆண்டு ஒப்பந்தத்தில் பூட்டுவது. நடுவில் விலகினால் அபராதம் கேட்பது.
- 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்ற லைசென்ஸை வைத்துக்கொண்டு, காசு வாங்கும் கச்சேரிக்கு டிராக் செய்வது. இதில் தவறு நம் பக்கம் வந்துவிடும்.
- 'கிராக்' பதிப்பு. அதோடு வைரஸ் வரலாம். காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது குற்றம். சிறையோடு 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் உண்டு. வியாபாரத்துக்கு அல்ல என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் அது குற்றம்தான்.

சட்டம் தரும் உரிமை

கடையில் விற்கும் ஆயத்த மென்பொருளும் சரக்குதான் என்று 2004-இல் டி.சி.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். காரணமில்லாமல் ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிப்பதும், நியாயமற்ற கட்டணத்தைச் சுமத்துவதும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அதே சட்டம் சொல்கிறது.

2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிகள், இணைய வியாபாரத்தின் 13 தந்திரங்களைத் தடை செய்தன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. விலகும் வழியை ஒளித்து வைப்பது இதில் சேரும். ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சட்டப்படி வாங்கிய மென்பொருளுக்கு, தொலையாமல் காக்க ஒரு பேக்கப் பிரதி எடுத்துக்கொள்ளவும் காப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது.

பிரச்சினை வந்தால்

1. பில், லைசென்ஸ் மின்னஞ்சல், விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.
2. விற்ற இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.
3. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.
4. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்தே, 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாகவும் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகார் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போகும்.

பணம் கட்டும் முன்

'நாளைக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் என்னிடம் என்ன மிஞ்சும்?' இந்த ஒரு கேள்விக்கு விதிமுறைகளில் பதில் தேடுங்கள். எத்தனை கணினியில் போடலாம், அடுத்த பதிப்புக்கு எவ்வளவு, லேப்டாப் பழுதானால் மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். கைக்கு எட்டாத விலை என்றால் ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. ப்ராஜெக்ட் கோப்பு பெரும்பாலும் அதை உருவாக்கிய மென்பொருளில்தான் முழுமையாகத் திறக்கும். அதனால் குரல், தாளம், கீபோர்டு என ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் (WAV) கோப்பாக எடுத்து, பென் டிரைவில் வைத்துவிடுங்கள். மென்பொருளுக்குத்தான் வேறொருவரின் அனுமதி வேண்டும். பாடிய குரல் உங்களுடையது. அது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.