சாக்கடை ஊறிய கார்ப்பெட்டைக் காப்பாற்ற வேண்டாம்

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் பெங்களூரின் சர்ஜாபூர் சாலை ரெயின்போ டிரைவ் லேஅவுட் மக்களை டிராக்டரில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. இந்நகரில் ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர் வடிகால் பொங்கினால் வீட்டுக்குள் வருவது மழைநீர் மட்டுமல்ல, கழிவுநீரும்தான். அதில் ஊறிய கார்ப்பெட்டை எவ்வளவு தேய்த்தாலும் அடியிலுள்ள ஃபோமில் கிருமி தங்கிவிடும். விலையைப் பார்க்காமல் அதை அப்புறப்படுத்துங்கள், குறிப்பாகத் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில்.

மொட்டைமாடிக் கசிவோ குடிநீர்க் குழாய் உடைப்போ என்றால் கதை வேறு. ஈரத்தை உறிஞ்சி எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கி இருபுறமும் காற்றுப்படும்படி வைத்து, 2 நாளுக்குள் முழுக்கக் காயவைத்தால் தப்பும். அதற்குமேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

எதைத் தொடுவதற்கு முன்பும் மின்சார மெயினை அணையுங்கள். மெயின் பெட்டிக்குப் போக நீரில் நிற்க வேண்டியிருந்தால் போகாதீர்கள், மின் வழங்கும் நிறுவனமான பெஸ்காமின் 1912 எண்ணை அழையுங்கள். 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட்டில் அடித்தளத்தில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்றபோது, மின்சாரம் தாக்கி ஒரு முதியவரும் 12 வயதுச் சிறுவனும் இறந்தார்கள். மனம் பதறுகிறது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. பூட்ஸும் கையுறையும் போடாமல் இறங்கக் கூடாது. சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் எழுவது குளோரின் வாயு. அடைத்த அறையில் அது மூச்சை நிறுத்திவிடும்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் அவசரத்தில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டு, நஷ்டத்துக்குச் சாட்சி இல்லாமல் நிற்கக் கூடாது. நீர் ஏறிய அளவு தெரியும்படி படமும் வீடியோவும் எடுத்து, உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை கார்ப்பெட்டை வீட்டுக்கு வெளியே வையுங்கள். முடியாவிட்டால் ஒரு துண்டையாவது வெட்டி, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் உள்ளடக்கியது. கட்டடத்துக்கு எடுத்தாலே அதன் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் சேர்ந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் பெங்களூரிலேயே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. சுத்தம் செய்கிறேன் என்று பணம் வாங்கிக் கார்ப்பெட்டைப் பாழாக்கிய கடைக்காரர்மீது தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்து முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கும் கட்டணம் இல்லை. ஆகவே சலவைக்குக் கொடுக்கும்போதே பில் கேட்டு வாங்குங்கள்.