கவுன்சில் பார்க்கிங் ஃபைன்: பாதிதானேன்னு கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



இங்கிலாந்துல கார் வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கவர் தெரியும். வேலை முடிஞ்சு வந்து பார்த்தா முன் கண்ணாடியில ஒட்டியிருக்கும். பிரிச்சா உள்ளே 70 பவுண்டு, 14 நாளைக்குள்ள கட்டினா 35 பவுண்டுன்னு இருக்கும். நம்மள்ல நிறைய பேர் அந்த 35-ஐப் பார்த்ததுமே "சரி, தொலையட்டும்"னு அங்கேயே நின்னு ஃபோன்ல கட்டிடுறோம். தப்பு உங்க மேல இருந்தா அது நல்ல முடிவுதான், உடனே கட்டிடுங்க. ஆனா தப்பே இல்லாம வந்த ஃபைனுக்கும் அதே 35-ஐ கட்டுறவங்க இருக்காங்களே, இந்தப் பதிவு அவங்களுக்கு. வீடியோவுல கணக்கை வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன், இங்கே நிதானமா பார்க்கலாம்.

முதல்ல, யார் அனுப்பியிருக்காங்கன்னு பாருங்க. கவுன்சில் தர்றது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். சூப்பர்மார்க்கெட், ரீடெயில் பார்க் மாதிரி தனியார் இடத்துல வர்றது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். ரெண்டையும் சுருக்கினா பிசிஎன்தான், பார்க்கவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனா சட்டம் வேற, முறையிடுற இடமும் வேற. இந்தப் பதிவு முழுக்க கவுன்சில் நோட்டீஸ் பத்தி மட்டும்தான்.

விசால இருக்கிறவங்க பயந்து கேட்கிற ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிடுறேன். கவுன்சில் பார்க்கிங் அபராதம் கிரிமினல் குற்றம் கிடையாது. 1991 ரோடு டிராஃபிக் சட்டத்துக்கு அப்புறம் இது சிவில் விஷயமா மாறிடுச்சு. இப்போ 2004 டிராஃபிக் மேனேஜ்மென்ட் சட்டத்துக்குக் கீழே நடக்குது. லைசென்ஸ்ல பாயின்ட் ஏறாது, குற்றப் பதிவும் ஆகாது. அதை எதிர்த்து எழுதுறதும் உங்க உரிமை. அதனால எந்தக் கறையும் வராது. "வெளிநாட்டுல வந்து எதுக்கு வம்பு"ன்னு கட்டுறதுக்குக் காரணமே இல்லை.

ஃப்ரீயா கிடைக்கிற முதல் வாய்ப்பு

லண்டனுக்கு வெளியே பெரும்பாலான இடங்கள்ல அபராதம் 70 அல்லது 50 பவுண்டு. நிறுத்தவே கூடாத இடத்துல நிறுத்தினா பெரிய தொகை, கட்டின நேரம் தாண்டிப் போன மாதிரி விஷயத்துக்குச் சின்ன தொகை. லண்டன்ல 2025 ஏப்ரல்ல ஏத்தினதுக்கு அப்புறம் 160 வரைக்கும் போகுது. எங்கேயா இருந்தாலும் 14 நாளைக்குள்ள கட்டினா பாதி.

இந்தப் பாதி விலை ஆஃபர் மனசுக்குள்ள என்ன பண்ணுதுன்னு கவனிங்க. "எதிர்த்து எழுதி தோத்துட்டா 70 ஆயிடுமே"ன்னு தோணும். ஆனா முதல் கட்டத்துல அப்படி ஆகாது. கண்ணாடியில ஒட்டின நோட்டீஸுக்கு அந்த 14 நாளைக்குள்ள நீங்க ஆட்சேபணை அனுப்பி, கவுன்சில் அதை நிராகரிச்சா, பாதி விலையில கட்ட இன்னொரு 14 நாள் தரணும்னு அரசோட வழிகாட்டுதலே சொல்லுது. நிராகரிப்புக் கடிதத்துலயே கடைசி தேதி இருக்கும். ஆக, முதல் கடிதத்துக்குச் செலவு பூஜ்ஜியம். நியாயமான காரணம் இருக்கிற யாரும் இதை விடவே கூடாது.

ஒரே ஒரு நிபந்தனை: முன்னாடியே பணம் கட்டிடாதீங்க. "கட்டிட்டு அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம்"னு நினைக்கிறவங்க நிறைய. கட்டின நிமிஷமே கேஸ் மூடியாச்சு.

எது ஜெயிக்கும், எது ஜெயிக்காது

நோட்டீஸ்ல ஒரு கோட் நம்பர் இருக்கும். அதுதான் உங்க மேல வெச்ச குற்றச்சாட்டு. 01-ன்னா தடை நேரத்துல மஞ்சக் கோட்டுல நிறுத்தினது. 05-ன்னா கட்டின நேரம் முடிஞ்ச பிறகும் நின்னது. 06-ன்னா டிக்கெட் வெளியே தெரியும்படி வைக்காதது. 11-ன்னா பணமே கட்டாதது. நீங்க மறுக்க வேண்டியது இந்த ஒரு வரியை மட்டும்தான். பணம் கட்டினதுக்கு ரசீது இருக்கு, ஆனா நோட்டீஸ்ல 11 போட்டிருக்குன்னா, உங்க கடிதத்தோட முதல் வரியே அதுதான்.

கவுன்சில் வெப்சைட்டுக்குப் போய் நோட்டீஸ் நம்பரையும் வண்டி நம்பரையும் போட்டா, வார்டன் எடுத்த ஃபோட்டோ எல்லாம் வரும். எழுதுறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடுங்க. உங்க கதைக்கு நேர் எதிரா ஒரு ஃபோட்டோ இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது.

இப்போ 05-ஐ எடுத்துக்குங்க. மூணு மணி வரைக்கும் பணம் கட்டியிருக்கீங்க, 3.08-க்கு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இது செல்லாது. 2015-ல இருந்து இங்கிலாந்துல, பணம் கட்டி நிறுத்துற இடத்துலயும், இவ்வளவு நேரம் ஃப்ரீன்னு போர்டு வெச்ச இடத்துலயும், நேரம் முடிஞ்ச பிறகு 10 நிமிஷம் சலுகை உண்டு. கவுன்சில் பெருந்தன்மையா விட்டுத் தர்ற விஷயம் இல்லை இது, சட்டம். ஆனா மஞ்சக் கோட்டுக்கு இந்த 10 நிமிஷம் கிடையாது. "ரெண்டே நிமிஷம்தான் நிறுத்தினேன்"ங்கிற வாதம் அங்கே எடுபடாது.

அடுத்தது போர்டும் கோடும். நம்ம ஆளுங்க அதிகமா ஏமாறுறது இங்கேதான். "பக்கத்துல போர்டே இல்லை, சிங்கிள் யெல்லோ மட்டும்தான் இருந்துச்சு"ன்னு எழுதுவாங்க. அந்தத் தெரு கன்ட்ரோல்டு பார்க்கிங் ஜோனுக்குள்ள இருந்தா, ஜோன் தொடங்குற இடத்துல நேரம் போட்டு ஒரு போர்டு வெச்சா போதும், ஒவ்வொரு கோட்டுக்கும் தனியா வைக்கத் தேவையில்லை. அதனால முதல்ல ஜோனுக்குள்ள நீங்க வந்த வழியில போய் அந்தப் போர்டு இருக்கான்னு பாருங்க. அது திரும்பிக் கிடந்தாலோ, மரக்கிளை மறைச்சிருந்தாலோ, இல்லவே இல்லைன்னாலோ உங்க கேஸ் பலமானது. கோடு கொஞ்சம் தேஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னா பலம் கம்மி. பார்த்தா மஞ்சக் கோடுன்னு புரியுற அளவுக்கு இருந்தா போதும்னுதான் பார்ப்பாங்க. ஃபோட்டோவை அன்னைக்கே எடுங்க. அடுத்த மாசம் புதுசா பெயின்ட் அடிச்சிட்டாங்கன்னா உங்க ஆதாரம் போச்சு. கூகுள் ஸ்ட்ரீட் வியூவை நம்பாதீங்க, அது எப்பவோ எடுத்த படமா இருக்கலாம்.

வீடு மாத்துற அன்னைக்கு வர்ற நோட்டீஸ் தனி ரகம். நடைபாதை விளிம்புல குறுக்கா மஞ்சள் அடையாளம் இல்லாத பட்சத்துல, மஞ்சக் கோட்டுல நிறுத்தி கனமான சாமானை ஏத்தி இறக்க பொதுவா அனுமதி உண்டு. ரெட் ரூட்டுக்கு இது பொருந்தாது. ஆனா நிஜமாவே ஏத்தி இறக்கிட்டு இருந்திருக்கணும். மேலே போய் டீ குடிச்சிட்டு வந்தா சேராது. வேன் வாடகை ரசீது, சோஃபா வாங்கின பில், அன்னைக்குத் தொடங்குற வாடகை ஒப்பந்தம்னு எது இருந்தாலும் இணைச்சிடுங்க.

அப்புறம் ஆப்ல நடக்கிற குளறுபடி. வண்டி நம்பர்ல பூஜ்ஜியத்துக்குப் பதிலா ஓ எழுத்தைத் தட்டினது, பழைய காரோட நம்பருக்குக் கட்டினது மாதிரி. இதுல சட்டப்படி உங்க பக்கம் முழு பலம் இருக்காது. ஆனா பணம் கட்டினது நிஜம், கவுன்சிலுக்கு நஷ்டம் இல்லை. ரசீதோட, முதல் தடவைன்னு கேட்டா ரத்து பண்ற கவுன்சில்கள் உண்டு. ஆஸ்பத்திரி அவசரம், வண்டி நடுவழியில நின்னுபோனது இதெல்லாமும் இந்த வகைதான். டாக்டர் கடிதமோ ரெக்கவரி வண்டியோட பில்லோ இருந்தா சேர்த்து அனுப்புங்க.

கடிதம் சின்னதா இருக்கட்டும். எந்த நாள், எந்தத் தெரு, என்ன கோட், ஏன் அது பொருந்தாது, என்ன ஆதாரம் இணைச்சிருக்கேன், அதனால ரத்து பண்ணுங்க. அவ்வளவுதான். கவுன்சிலுக்குப் பணத்தாசைன்னு திட்டி ஒரு பத்தி எழுதுறது மனசுக்கு ஆறுதலா இருக்கலாம், கேஸுக்கு உதவாது. (வருமானம் பெருக்குறதுக்காக பார்க்கிங் கட்டணத்தை ஏத்தக் கூடாதுன்னு 2013-ல பார்னெட் கவுன்சிலுக்கு எதிரா ஹை கோர்ட்டே சொல்லியிருக்கு. அது பர்மிட் கட்டணம் பத்தின வழக்கு. அதை உங்க 70 பவுண்டு கடிதத்துல எழுதி பிரயோஜனம் இல்லை.)

நிராகரிச்சுட்டாங்க. இப்போதான் நிஜமான முடிவு

இப்போ உங்க முன்னாடி ரெண்டு வழி. 35 கட்டி முடிக்கிறது, இல்ல மேலே போறது. மேலே போய் தோத்தா 70, ஜெயிச்சா பூஜ்ஜியம். ஜெயிக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தா சராசரியா ரெண்டு வழியிலயும் 35 தான். பாதிக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு நம்பினா மேலே போறது லாபம், கீழேன்னா கட்டுறது லாபம். லண்டன்ல 80, 160 போட்டுப் பாருங்க, அதே விடைதான் வரும்.

என்னோட அளவுகோல் இதுதான்: கையில காகிதமோ ஃபோட்டோவோ இருந்தா மேலே போங்க. வெறும் வாதம்தான் இருக்குன்னா, வாதம் எவ்வளவு நியாயமா இருந்தாலும், 35-ஐ கட்டிட்டு ஞாயித்துக்கிழமையை நிம்மதியா கழிங்க.

மேலே போறவங்களுக்கு அடுத்து வர்றது நோட்டீஸ் டு ஓனர். வண்டி யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவங்களுக்குத் தபால்ல வரும். முறைப்படி ஆட்சேபிக்க 28 நாள். கவுன்சில் 56 நாளைக்குள்ள பதில் தரணும், தரலைன்னா உங்க ஆட்சேபணையை ஏத்துக்கிட்டதா அர்த்தம். அதனால அனுப்பின தேதிக்கு ஆதாரம் வெச்சுக்குங்க, காலண்டர்ல 56-வது நாளைக் குறிச்சு வைங்க. (கேமராவுல பிடிச்சு நேரா தபால்ல வர்ற நோட்டீஸுக்கு முதல் கட்டமே கிடையாது, இங்கேயிருந்துதான் தொடங்கும்.)

இதையும் நிராகரிச்சா 28 நாளைக்குள்ள டிரிப்யூனல். லண்டனுக்கு லண்டன் டிரிப்யூனல்ஸ், மத்த இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆன்லைன்லயே பதிவு பண்ணலாம். விசாரிக்கிறவர் கவுன்சில் ஆள் கிடையாது, தனியா நியமிச்ச சட்ட வல்லுநர். தோத்தாலும் முழு அபராதத்தைத் தவிர கவுன்சிலோட செலவு உங்க தலையில விழாது, அநியாயமா அலைக்கழிச்சாதான் அந்தப் பேச்சே வரும். டிரிப்யூனல் வரைக்கும் போனதும் எதிர்வாதம் பண்ணாமலே கேஸை விட்டுடுற கவுன்சில்களும் உண்டு. ஒரு எல்லை மட்டும் தெரிஞ்சுக்குங்க: அனுதாபக் காரணத்துக்காக டிரிப்யூனலே ரத்து பண்ண முடியாது. கவுன்சில் மறுபடி யோசிக்கட்டும்னு பரிந்துரை மட்டும்தான் பண்ணலாம்.

பெரிய நஷ்டம் வர்றது வேற இடத்துல

இதுவரைக்கும் பேசினது 35 பவுண்டு விவகாரம். 35-ஐ 400-க்கு மேல கொண்டு போறது தோல்வி இல்லைங்க, பழைய முகவரி.

நோட்டீஸ் டு ஓனர் போறது டிவிஎல்ஏ-ல இருக்கிற முகவரிக்கு, அதாவது உங்க லாக் புக்குல இருக்கிறதுக்கு. நாம வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுறோம். பேங்க்ல மாத்துவோம், ஆபீஸ்ல மாத்துவோம், லாக் புக்கை மறந்துடுவோம். கடிதம் பழைய வீட்டுக்குப் போய் கதவுக்குப் பின்னாடி கிடக்கும். பதில் இல்லைன்னதும் சார்ஜ் சர்டிஃபிகேட் போட்டு 50 சதவீதம் ஏத்துவாங்க, 70 இப்போ 105. அப்புறம் நார்த்தாம்ப்டன்ல இருக்கிற டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டர்ல கடனா பதிவு பண்ணுவாங்க, அதுக்கு ஒரு கட்டணம். அடுத்தது பெய்லிஃப். 2014 விதிகள்ல முதல் கடிதத்துக்கே 75 பவுண்டு, வாசலுக்கு வந்தா இன்னொரு 235-ன்னு வெச்சாங்க. கூட்டிப் பாருங்க.

இந்தப் பதிவு கிரெடிட் ரிப்போர்ட்ல சிசிஜே-வா வராது, அது ஒரு ஆறுதல். ஆனா வாசல்ல நிக்கிற காரைத் தூக்கிட்டுப் போக பெய்லிஃபுக்கு அதிகாரம் உண்டு. காலையில ஆபீஸ் கிளம்பும்போது வண்டி லாக் ஆகிக் கிடந்தா அது வேற மாதிரி அனுபவம்.

உங்களுக்கு ஏற்கனவே இப்படி ஆகியிருந்தா, பெய்லிஃப் கிட்ட வாதாடி நேரத்தை வீணாக்காதீங்க. நோட்டீஸ் டு ஓனர் கைக்கே வரலைங்கிறது உண்மைன்னா, டிஇ9-ங்கிற வாக்குமூலப் படிவத்தை டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டருக்கு அனுப்பணும். 21 நாள் கெடு தாண்டியிருந்தா டிஇ7 படிவத்தையும் சேர்த்து, ஏன் தாமதம்னு விளக்கணும். ஏத்துக்கிட்டா கூடுதல் தொகை போய், கேஸ் பழைய கட்டத்துக்குத் திரும்பும், நீங்க புதுசா ஆட்சேபிக்கலாம். பொய் மட்டும் எழுதிடாதீங்க, அது கோர்ட் அவமதிப்பு ஆயிடும்.

லாக் புக் முகவரியை மாத்த ஆன்லைன்ல சில நிமிஷம்தான், செலவும் இல்லை. மாத்தாம வெச்சிருந்தா அதுக்கே தனியா 1,000 பவுண்டு வரைக்கும் அபராதம் போட முடியும். லைசென்ஸ் முகவரி வேற, லாக் புக் வேற. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது. லீஸ் கார், கம்பெனி கார்னா நோட்டீஸ் அவங்களுக்குத்தான் போகும். அவங்களே கட்டிட்டு உங்க கிட்ட கூடுதலா நிர்வாகக் கட்டணமும் பிடிக்கலாம். அதனால கண்ணாடியில நோட்டீஸ் பார்த்த அன்னைக்கே ஹெச்ஆர் கிட்டயோ லீஸ் கம்பெனி கிட்டயோ "நான் எதிர்க்கிறேன், கட்டிடாதீங்க"ன்னு ஒரு ஈமெயில் போட்டுடுங்க.

உங்க நோட்டீஸ்ல சந்தேகம் இருந்தா கோடையும், நடந்ததையும் கமெண்ட்ல எழுதுங்க. நோட்டீஸ் நம்பரையும் வண்டி நம்பரையும் மட்டும் போடாதீங்க, அது ரெண்டும் இருந்தா யார் வேணும்னாலும் உங்க கேஸைத் திறந்து பார்க்கலாம்.