நாள்காட்டி சொல்வதா, முழங்கால் சொல்வதா?

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக நகரங்களில் ஒரே பேச்சுதான். முதல் ஆட்டத்தில் யார் இறங்குவார்? எந்த இடத்தில் யார் முதல்வர், யார் இரண்டாமவர்? போன பருவத்தில் முழங்காலில் அடிபட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்தப் பையன் திரும்பி வந்துவிடுவானா? தேநீர்க் கடையானாலும் தொலைக்காட்சி நிலையமானாலும் கேள்வி இதுதான்.

அங்கே காற்பந்து என்றால் இங்குள்ள உருண்டைப் பந்து ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். தடுக்க வருபவர்கள் உடலோடு உடல் மோதி வீழ்த்துவார்கள். ஆடுபவர்கள் மாணவர்கள், ஆனால் பார்க்க வரும் கூட்டமோ பெரியது. மிச்சிகன் பல்கலைக்கழகத் திடலில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். அப்படியிருக்க, ஒரு மாணவரின் முழங்கால் ஊர்ப் பொதுச் சொத்துபோல் பேசப்படுவதில் வியப்பில்லை.

திரும்பி வரும் நாளைக் குறிக்க வேண்டியது நாள்காட்டியா, முழங்காலா? இவ்வாரம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே.

பட்டியலுக்கு ஏன் இத்தனை பரபரப்பு?

ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் இடத்துக்கும் முதல்வர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசை வைத்திருக்கும். பருவம் ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பமாகும். அதற்கு முந்திய சில வாரப் பயிற்சியில்தான் இந்த வரிசை முடிவாகும். இடங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். ஒருவரின் காயம் இன்னொருவரின் வாய்ப்பாகிவிடுகிறது.

ஜார்ஜியா பல்கலைக்கழக அணியையே எடுத்துக்கொள்ளலாம். 2014இல் அதன் முன்னணி ஓட்டக்காரர் டாட் கர்லி முதலில் தடை காரணமாகவும், நவம்பரில் முழங்கால் தசைநார் அறுந்ததாலும் விலக நேர்ந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் முதலாண்டு மாணவரான நிக் சப். மறு ஆண்டு சப்பின் முழங்கால் சிதைந்தது. அவர் இடத்துக்குச் சோனி மிஷல் வந்தார். 2016 ஜூலையில் மிஷலின் கை முறிந்தது. ஊரார் கண்கள் மறுபடியும் சப்பின் காலை நோக்கித் திரும்பின.

காலமும் கையில் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பதே அங்கு நீண்ட காலம் நிலைத்த விதி. நான்கில் ஒன்றை மருத்துவமனையில் கழிப்பவருக்கு அந்த இழப்பு எவ்வளவு பெரிதென்று சொல்லத் தேவையில்லை. 2021 ஜூலைக்கு முன் இம்மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பர வருமானம் பெறவும் அனுமதி இல்லை. அப்போது கல்வி உதவிதான் கிடைத்தது. தொழில்முறை அணி ஒன்று தேர்ந்தெடுத்தால்தான் குடும்பத்தின் நிலை மாறும் என்பதே அன்றைய நிலை. தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஆடிக் காட்ட வேண்டும். அவசரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முழங்காலுக்குள் என்ன நடக்கிறது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடம் முழங்கால். இவ்விரு எலும்புகளையும் நான்கு முக்கியத் தசைநார்கள் பிடித்து வைத்திருக்கின்றன. உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. நடுவில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று சிலுவைபோல் குறுக்கே செல்கின்றன. அவற்றில் முன்னால் இருப்பதே முன்சிலுவைத் தசைநார். விளையாட்டுச் செய்திகளில் ஏசிஎல் என்று அடிக்கடி காதில் விழுவது இதுதான்.

கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு வழுக்கிவிடாமலும், கால் ஊன்றியிருக்கும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதன் வேலை. வேகமாக ஓடி வந்து சட்டென்று திசை மாற்றும்போதும், எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் இதற்குப் பெரும் சோதனை. யாரும் இடிக்காமலேயே அறுந்துவிடுவதும் உண்டு. அமெரிக்கக் காற்பந்தில் பக்கவாட்டு மோதலும் சேர்ந்துகொள்வதால் ஒரே அடியில் இரண்டு, மூன்று நார்கள் சேதமடையலாம்.

தோல் கிழிந்தால் சில நாளில் கூடிவிடுகிறது. அறுந்த முன்சிலுவைத் தசைநார் பெரும்பாலும் அப்படிக் கூடுவதில்லை. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மூட்டு நீரில் நனைந்தபடி இருப்பதால், இரத்தம் உறைந்து காயத்தை மூடும் வழியும் தடைப்படுகிறது. எனவே பழையதைத் தைப்பதற்குப் பதிலாக, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு நாணை எடுத்துப் புதிய நாராகப் பொருத்துகிறார்கள்.

உள்ளே நடக்கும் மெதுவான வேலை

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். பொருத்திய நாள் முதலே அந்த நார் வலுவாகிக்கொண்டே போகும் என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. பொருத்திய நாணில் இருக்கும் பழைய உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. பிறகு புதிய இரத்த நாளங்கள் அதற்குள் வளர்கின்றன. புதிய உயிரணுக்கள் குடியேறுகின்றன. நாண் படிப்படியாகத் தசைநாராக உருமாறுகிறது. இந்த மாற்றத்தின் தொடக்க மாதங்களில், அதாவது சுமார் ஆறாவது வாரம் முதல் மூன்றாவது மாதம் வரை, அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாகவே இருக்கும். முழுமையாக முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இதில் ஆபத்து என்னவென்றால், வீக்கம் வடிந்து வலி குறைந்து மாணவர் தாமாக நடக்கத் தொடங்குவதும் இதே காலகட்டத்தில்தான். "வலி இல்லை, குணமாகிவிட்டது" என்று மனம் சொல்கிறது. உள்ளே நாரோ இன்னும் உருமாறிக்கொண்டிருக்கிறது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்டது சோற்றுக்கு மட்டுமன்று.

மறுவாழ்வுப் பயிற்சியும் படிப்படியானது. முதல் வாரங்களில் வீக்கத்தைக் குறைப்பது, காலை முழுதாக நீட்டுவது, தொடையின் முன்புறத் தசையை மீண்டும் இயங்க வைப்பது. மூன்று, நான்கு மாதங்களில் மெல்லோட்டம். அதற்குப் பிறகே குதித்தல், திசை மாற்றி ஓடுதல். இறுதியில் சோதனைகள். ஒற்றைக் காலில் தாவும் தூரத்திலும் தொடைத் தசையின் பலத்திலும் அடிபட்ட கால், அடிபடாத காலோடு ஒப்பிட்டால் குறைந்தது 90 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

2016இல் வெளிவந்த டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு ஒரு முக்கிய உண்மையைக் காட்டியது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பதாவது மாதம் வரை, களம் திரும்புவதை ஒத்திப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மறுபடி காயம்படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வுத் தொகுப்பின்படி, 25 வயதுக்குட்பட்டு மீண்டும் விளையாடத் திரும்பியவர்களில் சுமார் 23 விழுக்காட்டினருக்கு இதே நாரில் இரண்டாவது காயம் ஏற்பட்டது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர்! பாதிக்கப்படுவது பழைய கால் மட்டுமன்று. நல்ல காலும் அந்தக் கணக்கில் உண்டு.

மூவர் கதை

முதலாவது, நிக் சப். 2015 அக்டோபர் 10ஆம் தேதி டென்னஸி அணிக்கு எதிராக, தம் அணியின் முதல் ஓட்டத்திலேயே அவருடைய இடது முழங்கால் சிதைந்தது. முன்சிலுவைத் தசைநார் தப்பியது. மற்ற மூன்றும் அறுந்தன. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஆடுவாரா என்பதே 2016 ஆகஸ்டு மாதப் பேச்சு. செப்டம்பர் 3ஆம் தேதி வட கரோலினா அணிக்கு எதிராக அவர் இறங்கினார். 222 கெஜம் ஓடினார். ஆட்டம் வெற்றி, ஆரவாரம், பாராட்டு.

பட்டியல் பேசுவோர் இத்துடன் கதையை முடித்துவிடுவார்கள். கணக்கு வேறொன்றும் சொல்கிறது. காயத்துக்கு முன், 2014இல் அவர் ஒவ்வொரு முறை பந்தை எடுத்து ஓடும்போதும் சராசரி 7 கெஜம் முன்னேறினார். திரும்பி வந்த 2016இல் அது 5 கெஜமாக இறங்கியது. 2017இல்தான் 6 கெஜமாக ஏறியது. அணி முழுவதன் ஆட்டமும் இந்த எண்களில் கலந்திருக்கிறது என்பது உண்மை. என்றாலும் களம் திரும்புவது ஒன்று, பழைய ஆட்டம் திரும்புவது இன்னொன்று என்பதை மறுக்க முடியாது. 2018இல் கிளீவ்லாந்து அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2023 செப்டம்பரில் அதே முழங்காலில் மீண்டும் கடுமையாக அடிபட்டு, 2024 அக்டோபரில் மறுபடியும் களத்துக்கு வந்தார்.

இரண்டாவது, வில்லிஸ் மெக்காகி. மயாமி பல்கலைக்கழக ஓட்டக்காரர். 2003 ஜனவரி 3ஆம் தேதி ஒஹாயோ மாநில அணிக்கு எதிரான வெற்றியாளர் இறுதியாட்டத்தில் முழங்கால் தசைநார்கள் பல ஒன்றாக அறுந்தன. அந்த நிலையிலும் பஃபலோ அணி அவ்வாண்டே அவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தது. ஆனால் 2003 பருவம் முழுவதும் அவர் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. 2004இல் இறங்கி 1,128 கெஜம் ஓடினார். காத்திருக்க வைத்த அணிக்கும் காத்திருந்த ஆட்டக்காரருக்கும் பலன் கிடைத்தது.

மூன்றாவது, மார்கஸ் லாட்டிமோர். தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் செல்லப்பிள்ளை. 2011 அக்டோபரில் இடது முழங்காலில் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. பத்து மாதங்களில் திரும்பி 2012 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே ஆடினார். அவ்வாண்டு அக்டோபர் 27ஆம் தேதி வலது முழங்கால் மோதலில் இடம் பெயர்ந்து பல நார்கள் அறுந்தன. தம் 21ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு இந்த நிலை. 2013இல் சான் பிரான்சிஸ்கோ அணி தேர்ந்தெடுத்தும், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். இரண்டாவது காயம் நேரடி மோதலால் வந்தது. அவசரம்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் எவ்வளவு உழைத்தாலும் எல்லா முழங்காலும் திரும்பி வருவதில்லை என்பதற்கு இவர் வாழ்க்கை சாட்சி.

யார் முடிவு செய்வது?

பயிற்றுநருக்கு வெற்றி வேண்டும். மாணவருக்கு இடம் வேண்டும். இரசிகருக்கு நட்சத்திரம் வேண்டும். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் மூவருக்குமே அவசரம் இருக்கிறது. இதை உணர்ந்துதான் 2016 ஜனவரியில் அமெரிக்காவின் ஐந்து பெரிய பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்புகள் ஒரு விதி கொண்டுவந்தன. காயம்பட்ட மாணவர் ஆடலாமா கூடாதா என்ற இறுதி முடிவு மருத்துவருக்கும் உடலியக்கப் பயிற்சியாளருக்கும் உரியது. அணிப் பயிற்றுநர் அதில் தலையிட முடியாது என்பதே அது.

இன்னொரு நெருக்கடி பந்தயப் பணம். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்தது. அதன்பின் ஒரு மாணவரின் முழங்கால் பற்றிய தகவலுக்கே விலை வந்துவிட்டது. மாணவரை நச்சரித்துத் தகவல் கறப்பதைக் குறைக்க, பிக் டென் கூட்டமைப்பு 2023இலும் தென்கிழக்குக் கூட்டமைப்பு 2024இலும் ஆட்டத்துக்கு முன் யார் ஆடுவர், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையை வெளியிடும் முறையைத் தொடங்கின. பருவத்துக்கு முந்திய மாதத்தில் வரும் ஊகங்களுக்கோ அத்தகைய கடிவாளம் இல்லை.

முடிவாக

நாள்காட்டிக்கு வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. நாருக்குள் நடக்கும் மாற்றத்தை எந்த மன உறுதியாலும் முடுக்கிவிட இயலாது. ஆகவே ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்ச வேலி. அந்த வேலியைத் தாண்டிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மாதமாயிற்று?" என்பதன்று. "இந்தக் கால் என்ன செய்கிறது?" என்பதே. தசை பலம் வந்ததா? தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? அடிபட்ட காலை நம்பி அந்த மாணவர் திசை மாற்றுகிறாரா? விடை திருப்தியாக இருந்தால்தான் பட்டியலில் பெயர்.

நேயர்களே, இது அமெரிக்காவோடு நிற்கும் செய்தியன்று. பள்ளித் திடலில் காற்பந்து, பூப்பந்து, வலைப்பந்து, கபடி ஆடும் பிள்ளைகளுக்கும் இதே முழங்கால்தான். ஆட்டத்தில் "டப்" என்ற சத்தத்தோடு கால் மடங்கி, சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கினால், எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு மறுநாள் ஆட அனுப்பக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளையிடம், "எப்போது ஆடப் போகிறாய்?" என்று வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்பதும் ஒரு சுமைதான். "இன்றைய பயிற்சி எப்படி?" என்று கேட்டால் போதும். அவர்களுக்கு இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் நடக்கக் கால் வேண்டும். ஒரு பருவத்துக் கோப்பை அதற்கு ஈடாகாது.