பழைய வண்டியில் கிடக்கும் பொருட்செல்வம்

ஸ்ரீரங்கத்தில் அரங்கன் விமானத்துப் பொன்னைத் தரிசித்து வியக்காதார் இல்லை. ஆனால், அங்கு யாத்திரிகர்களை ஏற்றிவரும் மோட்டார் கார்களின் அடியிலும் அருமையான உலோகங்கள் ஒளிந்திருப்பதை அறிந்தவர் சிலரே. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்பனவே அவை.

புகைக்குழாயோடு பொருத்திய ஒரு கூட்டினுள், தேனடை போன்ற பீங்கான் கட்டியின்மீது மெல்லிய பூச்சாக இவை படிந்திருக்கின்றன. விஷப்புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றிவிட்டுத் தாம் மாறாது நிற்பதால் இவற்றுக்கு வினையூக்கி என்று பெயர். 1995 ஏப்ரல் 1 முதல் நமது நாட்டின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. ஈயம் இதற்குப் பரம சத்துருவாதலால், ஈயம் கலவாத பெட்ரோலும் உடன் வந்தது.

நாளடைவில் உஷ்ணத்தாலும் கசடாலும் ஊக்கியின் சக்தி குன்றும். எனினும் உலோகத்தின் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். ஒரு காரில் சில கிராமே உண்டு என்று அலட்சியம் செய்யலாகாது. உலகப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவினின்றே வருகிறது. பல்லேடியத்துக்கோ ருஷ்யாவையும் நாட வேண்டும். பிறர் சுரங்கத்தை எதிர்நோக்கும் தேசம் தன் வீட்டுச் சுரங்கத்தைக் குப்பையில் எறிவது விவேகமா?

திருச்சிப் பெரிய கடை வீதிக்கு இது புதிய பாடமன்று. பொற்கொல்லர் பட்டறையைக் கூட்டிய மண்ணையும் வீணாக்குவதில்லை. அரித்து, உருக்கிப் பொன்துகளை மீட்கின்றனர். இங்கும் தத்துவம் அதுவே. பீங்கானைப் பொடித்து, தாமிரம் அல்லது இரும்புடன் மின் உலையில் உருக்கினால், அருமையான உலோகங்கள் அதனோடு சேர்ந்து அடியில் தங்கும். பின்னர் திராவகத்தில் கரைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பர்.

நிற்க. இதைக் கொல்லைப்புறத்தில் திராவகச் சட்டி வைத்துச் செய்வது மகா அபாயம். அதன் ஆவி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். கழிவு நீர் வாய்க்காலையும் காவேரியையும் கெடுக்கும். உலோகத்தை மீட்கப்போய் மனிதனை இழப்பது லாபமாகாது. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி இத்தகைய தொழிலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி அவசியம்.

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் முக்கிய கனிமங்களின் மறுசுழற்சிக்காக 1,500 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது. பழைய வண்டிகளின் வினையூக்கிக் கருவிகளும் அதனுள் அடங்கும். திருச்சியில் உலோகவியல் போதிக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலையும், பொன்மலையில் ரயில்வே பணிமனையும் பழக்கிய தொழிலாளர் இருக்கின்றனர். அறிவுக்கும் கைத்திறனுக்கும் பஞ்சமில்லை, இணைப்பாரே வேண்டும்.

பழைய இரும்பு வியாபாரிகள் கருவிகளை உடைக்காது சேர்த்து, அனுமதி பெற்ற ஆலைக்கே அனுப்புவாராக. வண்டிச் சொந்தக்காரரும் அதன் மதிப்பறிந்து விலை கேட்பாராக. தேசத்தின் செல்வத்தைக் காப்பதும் தேச சேவையே.