ஈயின் மூளையும் ஏட்டுச் சுவடியும்

ஓலைச்சுவடி படித்துப் பழகியோர் ஒரு தொல்லையை நன்கு அறிவர். ஏட்டிலே சொற்களுக்கிடையே இடைவெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. சேர்க்க வேண்டியதைப் பிரித்தாலும், பிரிக்க வேண்டியதைச் சேர்த்தாலும் பொருள் கெடும். யானும் இளமையில் ஒரு தொடரைப் பிழையாகப் பிரித்து, அதற்குப் பொருளும் வகுத்து, ஓராண்டு கற்பித்ததுண்டு. அதே தொல்லையை அண்மையில் எதிர்பாராத ஓரிடத்திற் கண்டேன். அவ்விடம் பழ ஈயின் மூளை.

கசகசா விதையளவினதாகிய அம்மூளையை ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் படம்பிடித்து, அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு நிலையத்தார் 2018 இல் வெளியிட்டனர். ஒரு தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 40 நானோமீற்றர். அத்தகைய தகடுகள் 25,000 அடுக்கினாற்றான் ஒரு மில்லிமீற்றர் ஆகும்.

படம் கிடைத்தல் மட்டும் போதாது. நரம்புக்கலத்தின் இழை ஒரு தகட்டிற் புள்ளியாய்த் தோன்றும். அடுத்ததிற் சற்று விலகித் தோன்றும். அதனைத் தகடுதோறும் தொடர்ந்து சென்றாலன்றி, எக்கலம் எதனோடு இணைகின்றது என்பது விளங்காது. 302 நரம்புக்கலங்களே கொண்ட சிறு உருளைப்புழு ஒன்றினை இவ்வாறு கையாலேயே தொடர்ந்து, கேம்பிறிட்ஜ் அறிஞர் சிட்னி பிரெனர் குழுவினர் 1986 இல் முழு வரைபடம் தந்தனர். ஈக்கோ 139,255 கலங்கள். அவற்றிடையே ஐந்து கோடி இணைப்புகள்! மனிதர் கண் எவ்வாறு ஆற்றும்?

ஆதலாற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மாலா மூர்த்தி, செபஸ்தியன் சியுங் ஆகியோரின் குழுவினர் கணினியின் துணையை நாடினர். மனிதர் எல்லை வரைந்த மாதிரிப் படங்களைப் பலவாகக் காட்ட, புதிய படத்திலும் எல்லை காணும் பழக்கம் கணினிக்கு உண்டாகின்றது. இதுவே இயந்திரக் கற்றல். ஆயினும் கணினியும் எம்மைப்போலவே பிழைத்தது. ஓரிழையை இரண்டாக அறுத்தது. வெவ்வேறு கலங்களை ஒன்றாக ஒட்டியது. அப்பிழைகளை ஆய்வாளரும் ஆர்வலரும் ஒவ்வொன்றாகத் திருத்தினர். அவர்தம் உழைப்பு, ஒருவரே செய்வதாயின் ஏறத்தாழ 33 ஆண்டு வேலையாகும். 2024 இல் வரைபடம் முற்றுப்பெற்று வெளிவந்தது.

இதனை வகுப்பிற் சொன்னபோது மாணவனொருவன், "ஐயா, இனி ஈ நினைப்பதையும் அறிந்துவிடலாமா?" என்று வினவினான்.

"தம்பி, புழுவின் வரைபடம் கிடைத்து எத்தனை ஆண்டுகள்! அதன் நடத்தை முழுவதும் இன்னும் விளங்கவில்லையே," என்றேன்.

எக்கலம் எதனோடு இணைந்தது என்பதை வரைபடம் காட்டும். அவ்விணைப்பு எப்போது, எவ்வளவு வலுவுடன் இயங்கும் என்பதை முழுதும் காட்டாது. எனினும் அது பயனற்றதன்று. இனிப்பை உணர்ந்த ஈ தன் உறிஞ்சியை நீட்டுதற்கு எக்கலங்கள் துணையாகின்றன என்பதை, அவ்வரைபடத்தின்வழி அமைத்த கணினி மாதிரி முன்கூட்டியே சொல்லிற்று; சோதனையிலும் அது பெரிதும் பொருந்திற்று.

மூலபாடம் செம்மையானவுடன் நூலின் பொருள் முடிந்துவிடுவதில்லை. உரை அதன் பின்னரே தொடங்குகின்றது. ஆனாற் பிழைபட்ட பாடத்துக்கு எத்துணை நல்லுரை வகுத்தும் பயனில்லை. ஓராண்டு பிழையாகக் கற்பித்தவன் இதனை மறக்கமாட்டான்.