பழைய செல்போனை எதுவரை ஓட்டலாம்?

சிட்டையில் எழுதிய ஆர்டர், விலைப்பட்டியல், பணவரவு எல்லாம் இன்று ஒரு செல்போனுக்குள் அடங்கிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து காலையில் நான் அனுப்பும் பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் விலையை ஸ்ரீவில்லிபுத்தூர் சில்லறைக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்கள். போன் நின்றால் அன்றைய கொள்முதலே தடுமாறுகிறது.

2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களுக்கு ஆதரவு இல்லை என்று வாட்ஸ்அப் அறிவித்தது. 2025-ல் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவையும் கழித்துவிடப்பட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர் வாடிக்கைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, புதுசா 32 ஜிபி கார்டு போட்டுட்டேன், இன்னும் அப்டேட் ஆக மாட்டேங்குதே" என்றார். நம்மில் பலருக்கு இருக்கும் குழப்பம் இதுதான்.

மெமரி கார்டு கிட்டங்கி மாதிரி. ரேம் என்பது சரக்கைப் பிரித்து நிறுத்துப் பொட்டலம் போடுகிற மேடை. கிட்டங்கியைப் பெரிதாக்கினால் மேடை பெரிதாகாது. ரேம் போனுக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டது. பிறகு கூட்ட வழியில்லை. ஐபோன் 6-ல் இருந்தது 1 ஜிபி ரேம். 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 அதற்குக் கிடைக்கவில்லை.

சில போன்களில் இடமும் ரேமும் போதிய அளவு இருக்கும். ஆனாலும் அப்டேட் வராது. ஆண்ட்ராய்டைத் தருவது கூகுள். அதை ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்தித் தருவது போன் கம்பெனி. சிப் செய்தவரும் ஒத்துழைக்க வேண்டும். விற்றுத் தீர்ந்த மாடலுக்காக மெனக்கெடுவதில் அவர்களுக்கு லாபமில்லை. 2014 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த முதல் மோட்டோ ஜி, ஆண்ட்ராய்டு 5 வரைதான் வந்தது. அது 3ஜி போன். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ 4ஜி தொடங்கியபோது எந்த அப்டேட்டாலும் அதில் ஜியோ சிம்மை ஓடவைக்க முடியவில்லை. தராசுக்கு முத்திரை வைத்து இருபது வருடம் ஓட்டுகிற நமக்கு இது அநியாயமாகவே படும். எனக்கும் அப்படித்தான்.

ரிப்பேர் கடையில் பணம் கொடுத்து, கம்பெனி தராத வேறு ஆண்ட்ராய்டை ஏற்றிக்கொண்டவரையும் பார்த்தேன். போன் நன்றாகவே ஓடியது; பணம் அனுப்பும் செயலி மட்டும் திறக்க மறுத்தது. கம்பெனிப் பூட்டைத் திறந்த போனை வங்கிச் செயலிகள் பல நம்புவதில்லை.

பணவரவு விஷயத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். போன் செத்தாலும் கல்லாவில் ஒட்டிய கியூஆர் அட்டைக்கு வரும் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். ஆனால் வந்ததா வரவில்லையா என்று நமக்குத் தெரியாது. கூட்ட நேரத்தில், பணம் அனுப்பியதாகத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவரிடம் ஏமாறுவது அப்போதுதான். தனி சிம் உள்ள ஒலிப்பெட்டி இருந்தால் ஓரளவு தப்பலாம்.

யுபிஐ செயலி அந்தப் போனோடும் சிம்மோடும் பிணைக்கப்பட்டது. புதுப் போனுக்கு மாறும்போது வங்கியில் பதிந்த அதே சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும். ரீசார்ஜ் முடிந்த சிம்மை வைத்துக்கொண்டு செயலியைத் திட்டிப் பயனில்லை.

பற்று வரவையே வாட்ஸ்அப் உரையாடலில் வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். செயலி நின்றபின் பழைய போனிலிருந்து அதை எடுப்பது பெரும்பாடு. ஓடும்போதே பேக்கப் எடுத்துவிடுங்கள். 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பேக்கப்பும் கூகுளின் 15 ஜிபி இலவச இடத்தில் சேர்ந்துவிடுகிறது. குட்மார்னிங் படங்களை முதலில் அழித்துவிடுவது நல்லது. கடன் பாக்கியை மட்டுமாவது பேரேட்டில் எழுதி வையுங்கள் என்பேன்.

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் ஆண்ட்ராய்டு எண்ணும், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் தேதியும் இருக்கும். அந்தத் தேதி இரண்டு மூன்று வருடம் பழையது என்றால், அதைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம். கடைப் பணத்துக்கு வேண்டாம். புதிதாக வாங்கும்போது எத்தனை வருட அப்டேட் என்று கேளுங்கள். 2023-ல் பிக்சல் 8-க்கும் 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம் அறிவித்தார்கள். இவை விலை அதிகம். மலிவு போன்களில் மாடலுக்கு மாடல் மாறும். விற்பவர் கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கேள்வியை விடாதீர்கள்.

பழைய போனைப் பேரனிடம் கொடுக்கும் முன் யுபிஐ, வங்கி, கூகுள் கணக்குகளை நீக்கி, முழுவதும் ரீசெட் செய்து கொடுங்கள்.